ஒயிட் ஜெயன்ட் முயல் வாங்கிய பண்ணை: ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

திண்டுக்கல் பக்கத்திலுள்ள ஒரு முயல் பண்ணையில் மூன்று மாதக் குட்டியாக நாங்கள் வாங்கிய ஒயிட் ஜெயன்ட் பெண் முயல், இப்போது நாலரைக் கிலோவைத் தாண்டி, மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடத்தைத் தனதாக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. அந்தப் பண்ணை எப்படி என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கொடுத்த முயல் நல்ல முயல், கொடுத்த யோசனைகள் பண்ணைக்கு உரியவை, வீட்டுக்கு அல்ல.

முதலில் அவர்களுடைய நேர்மையைச் சொல்லிவிட வேண்டும். பெரிய காது கொண்ட குட்டி எதையும் 'ஃபிளெமிஷ் ஜெயன்ட், பத்துக் கிலோ வரும்' என்று சொல்லி விற்கும் வழக்கம் பரவியிருக்கும் காலத்தில், 'இது ஒயிட் ஜெயன்ட், நான்கிலிருந்து ஐந்து கிலோதான் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்' என்று பண்ணைக்காரர் தெளிவாகச் சொன்னார். தாய் முயலையும் கூண்டிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு கையால் தோள்பட்டைத் தோலைப் பிடித்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கித்தான் தூக்கினார். பின்னங்கால்களைத் தாங்காமல் தூக்கினால், முயல் உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும் என்பதால், விற்பவர் முயலைத் தூக்கும் விதத்தைப் பார்த்தே பண்ணையை எடைபோட்டுவிடலாம்.

குறை தொடங்கியது கூண்டில். அவர்களே செய்து விற்ற கம்பிவலைக் கூண்டையும் சேர்த்து வாங்கினோம். புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்றார்கள்; அது உண்மைதான். ஆனால் ஏழாம் மாதத்தில் ஒரு நாள் நகம் வெட்டுவதற்காக மடியில் மல்லாத்தியபோது, பின்னங்கால் பாதத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் சிவந்து, நடுவே சொரசொரப்பான பொருக்கு தட்டியிருப்பதைப் பார்த்தோம். நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தென்ற பாதத் திண்டு முயலுக்குக் கிடையாது; பாதத்து முடிதான் அதற்குச் செருப்பு. உடல் கனக்கக் கனக்கக் கம்பியின் அழுத்தம் முழுவதும் அந்த இடத்திலேயே இறங்குகிறது. இறைச்சிக்காக மூன்று நான்கு மாதத்தில் விற்றுவிடும் முயலுக்கு இந்தப் புண் வருவதற்குள் அதன் காலமே முடிந்துவிடுகிறது என்பதால், பண்ணைக்காரருக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, 'மஞ்சள் தடவுங்கள்' என்றதோடு நிறுத்திக்கொண்டார். கூண்டை ஒதுக்கிவிட்டுக் கோரைப்பாய் விரித்த பிறகுதான் புண் ஆறியது. பாயை அது கொறிக்கிறது. மாதம் ஒரு பாய் செலவாகிறது. வெறும் டைல்ஸ் தரையில் விடுவதும் சரிவரவில்லை, இந்தக் கனத்துக்குக் கால்கள் வழுக்கிப் பரப்பிக்கொள்கின்றன.

வெயிலைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இந்த இன முயல்களைக் கொடைக்கானல் மலையில், மன்னவனூரின் குளிரில் வளர்க்கிறது. நாமோ மதுரையின் மே மாதத்தில் வளர்க்கிறோம். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வேகமாகிறது. உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால், அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மதியம் முழுவதும் கிடக்கும்.

தீவனத்திலும் இதே கதைதான். அவர்கள் கொடுத்த அடர்தீவனம் சீக்கிரம் எடை கூட்டுவதற்கானது. வீட்டு முயலின் உணவில் பெரும்பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருந்தால்தான் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் தேயும், குடலும் ஓடும். நாங்கள் அறுகம்புல்லும் கம்பு நேப்பியர் என்னும் தீவனப்புல்லும் கொடுக்கிறோம். இவ்வளவு பெரிய முயல் ஒரு நாளில் தின்று தீர்க்கும் புல்கட்டைப் பார்த்தால் மாடு வளர்ப்பவருக்கே வியப்பாக இருக்கும். அரை நாள் எதையும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை வாங்குவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு உண்ணி நீங்கப் பூசும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தும் ஆகாது. பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் கருத்தடை அறுவைச் சிகிச்சை நல்லது. அதைச் செய்யத் துணியும் மருத்துவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

முயலுக்கு ஐந்துக்கு ஐந்து, விற்ற பிறகான வழிகாட்டலுக்கு ஒன்று. துணைக்கு இன்னொன்று வாங்கினால் அதே பண்ணையில்தான் வாங்குவேன். இம்முறை கூண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு.