ஷெல் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால்: செட் -ஈ, செட் -எக்ஸ், ட்ராப், ஷெல்செக்

பலர் பாஷ் (லினக்ஸில் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஈ’ போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எந்த கமாண்ட் தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை. ஃபங்ஷன் (பெயர் வைத்து அழைக்கும் கமாண்டுத் தொகுப்பு) இல்லாத சின்ன ஸ்கிரிப்டுக்கு அது பெரும்பாலும் சரிதான். ஃபங்ஷன் வந்த பிறகு அதை மட்டும் நம்புவது ஆபத்து.

‘பேக்கப்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. முதல் வரி சிடி போட்டு ஒரு டைரக்டரிக்குள் போகிறது, அடுத்த வரி அங்கிருக்கும் பழைய ஃபைல்களை அழிக்கிறது. வெறுமனே ‘பேக்கப்’ என்று அழைத்தால், டைரக்டரி இல்லாதபோது ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அதையே ‘இஃப் பேக்கப்’ என்று அழைத்தாலோ, பின்னால் ‘||’ (தோற்றால் அடுத்ததைச் செய் என்ற குறி) சேர்த்தாலோ, அந்த ஃபங்ஷன் முடியும்வரை செட் -ஈ வேலை செய்யாது. சிடி தோற்றுப்போகும், அழிக்கும் வரி அப்படியே ஓடும். எந்த டைரக்டரியில் நிற்கிறீர்களோ அங்கே உள்ள ஃபைல்கள் போய்விடும். இது பாஷின் பக் இல்லை, பாசிக்ஸ் (ஷெல்களுக்கான பொதுத் தரநிலை) விதியே இப்படித்தான். அதனால் சிடிக்குப் பக்கத்திலேயே ‘|| ரிட்டர்ன் 1’ எழுதிவிடுங்கள்.

செட் -எக்ஸ் எதையும் தடுக்காது, ஓடும் ஒவ்வொரு கமாண்டையும் காட்டும். அந்த வரிகளுக்கு முன்னொட்டாக வரும் பிஎஸ்4 வேரியபிளில் லைன்நோ (வரி எண்), ஃபங்க்நேம் (ஃபங்ஷன் பெயர்) இரண்டையும் சேர்த்தால் எந்த ஃபங்ஷனின் எந்த வரி என்பதும் தெரியும். ஆனால் பெரிய ஸ்கிரிப்டில் லாக் மலைபோல் குவியும், பாஸ்வேர்டுகளும் அதில் அப்படியே பதிவாகும். சந்தேகப்படும் ஃபங்ஷனைச் சுற்றி மட்டும் போடுங்கள்.

தினமும் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு என் ஓட்டு ‘ட்ராப்’புக்குத்தான்: குறித்த நிகழ்வு நடந்ததும் நாம் சொன்னதை அது ஓட்டும். கமாண்ட் தோற்றதும் ஓடும் எர்ர் ட்ராப்பில் லைன்நோ, பாஷ்_கமாண்ட் (ஓடிய கமாண்ட்) இரண்டையும் அச்சிடச் சொன்னால், விழுந்த இடம் ஒரே வரியில் கிடைத்துவிடும். ‘காலர்’ கமாண்டைச் சேர்த்தால் யார் யாரை அழைத்தார்கள் என்பதும் வரும். ‘செட் -ஓ எர்ர்ட்ரேஸ்’ போடாவிட்டால் ஃபங்ஷனுக்குள் இந்த ட்ராப் நுழையாது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். ‘இஃப்’ விஷயத்தில் ட்ராப்புக்கும் செட் -ஈயின் அதே குறை உண்டு.

ஷெல்செக் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பார்ப்பது. ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் வேரியபிளை ‘லோக்கல்’ என்று அறிவிக்கும் வரியிலேயே ஒரு கமாண்டின் விடையை வாங்கினால், கமாண்ட் தோற்றாலும் லோக்கல் தரும் 0 (வெற்றி என்ற எண்) அதை மறைத்துவிடும். மேலே சொன்ன மூன்றில் செட் -ஈயும் ட்ராப்பும் இதைத் தவறவிடும். ஷெல்செக் எஸ்சி2155 என்ற எச்சரிக்கையாகக் கையோடு பிடித்துக்கொடுக்கும்.

எதைத் தொடும் முன்பும் எக்ஸிட் கோடை (கமாண்ட் முடியும்போது தரும் எண்) பாருங்கள். 127 என்றால் அந்தப் பெயரில் கமாண்டோ ஃபங்ஷனோ இல்லை: எழுத்துப்பிழை, அல்லது ஃபங்ஷனை எழுதும் முன்பே அழைத்திருக்கிறீர்கள். 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகத் தவறால் புரோகிராம் விழுவது). அது பாஷுக்கே வந்திருந்தால், தன்னைத்தானே அழைத்துக்கொண்டே போகும் ஃபங்ஷனைத் தேடுங்கள். ‘சிடி’ என்ற பெயரிலேயே ஃபங்ஷன் எழுதி, உள்ளே ‘பில்டின் சிடி’ (ஷெல்லின் சொந்த சிடி) என்பதற்குப் பதில் ‘சிடி’ என்று எழுதினால் இதுதான் நடக்கும். ஷெல்லே விழுந்துவிட்டால் எர்ர் ட்ராப் ஓடாது. அப்போது செட் -எக்ஸ் கைகொடுக்கும், அதே வரி திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். ஃபங்ஷன் அழைப்பின் ஆழத்துக்கு வரம்பு வைக்கும் ஃபங்க்நெஸ்ட் வேரியபிளுக்கு 100 என்று வைத்தால், விழுவதற்குப் பதில் தெளிவான பிழைச் செய்தி வரும்.

அப்புறம், உபுண்டுவிலும் டெபியனிலும் ‘எஸ்எச்’ என்பது டேஷ் என்ற வேறொரு ஷெல். ஸ்கிரிப்டை ‘எஸ்எச்’ போட்டு ஓட்டினால் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பது வெறும் கமென்ட் ஆகிவிடும். எர்ர் ட்ராப்பும் ஃபங்க்நேமும் டேஷுக்குத் தெரியாது.