தெற்கு லிம்பர்க் சரிவுகளில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு: புதிதாக வெள்ளையடித்த நிலவறை என்றால் உஷார்

நெதர்லாந்தில் தண்ணீருக்குப் பயப்பட வேண்டியது மேற்கே, கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர்களில் மட்டும்தான் என்று ஒரு நினைப்பு நம்மவர்களிடம் இருக்கிறது. ரோட்டர்டாம் பக்கம் வாங்குகிறவர் அஸ்திவாரம் முதல் கரையின் உயரம் வரை துருவித் துருவி விசாரிப்பார். அதே ஆள் நாட்டின் தென்கிழக்கு மூலையான தெற்கு லிம்பர்கில், குல்பன்-விட்டம், ஃபால்ஸ், ஃபால்கன்பர்க் பக்கம் வந்து பச்சைச் சரிவையும் மேயும் மாட்டையும் பார்த்ததும், "மேட்டுல இருக்கிற வீடு, இங்க எங்க தண்ணி வரப்போகுது" என்று அசந்துவிடுகிறார். நாட்டின் ஐரோப்பியப் பகுதியிலேயே மிக உயரமான இடமான 322 மீட்டர் ஃபால்ஸர்பெர்க் இங்கேதான் இருக்கிறது, உண்மை. ஆனால் இங்கே தண்ணீர் வருவது மேலேயிருந்து.

சமீபத்திய விற்பனை ஒன்று எப்படி நடந்தது என்று பாருங்கள். பெயர்கள் வேண்டாம், செய்த விதம் தெரிந்தால் போதும். 1930களில் கட்டிய வீடு. சரிவின் அடியில் இருக்கிறது. பின்னால் மேடேறிப் போகும் சோள வயல். பக்கத்தில், இரண்டு புறமும் மண் சுவராக உயர்ந்து நடுவே பள்ளமாக இறங்கும் பழைய வண்டிப்பாதை. வீட்டுக்கார அம்மா இறந்துவிட, பிள்ளைகள் விற்றார்கள். கேட்ட விலை 4 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. விற்பவரின் மாக்கலார், அதாவது முகவர், சொன்னது: "போட்டி பலமா இருக்கு. கடன் நிபந்தனை, பரிசோதனை நிபந்தனை எதுவும் போடாம எழுதிக் குடுங்க. நிலவறை நல்லா காஞ்சிருக்கு, இப்பதான் வெள்ளையடிச்சோம்."

வாங்கியவர்கள் 4 லட்சத்து 75 ஆயிரம் எழுதிக் கொடுத்தார்கள். மதிப்பீட்டில் வந்தது 4 லட்சத்து 50 ஆயிரம். வங்கி பொதுவாக மதிப்பீட்டுத் தொகையில் 100 சதவீதத்துக்கு மேல் கடன் தராது. வித்தியாசம் 25 ஆயிரம் கைக்காசு. குடியிருக்கும் வீட்டுக்கான 2 சதவீதச் சொத்து உரிமை மாற்ற வரி 9,500 யூரோ அதற்கு மேல். பத்திரம் எழுதும் நோட்டாரிஸ், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் தனி. கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனை இல்லாததால் பிறகு பின்வாங்கவும் வழியில்லை. சாவி வாங்கி முதல் ஜூன் மாத இடிமழையில், வண்டிப்பாதை வழியாக வந்த சேறு பின்வாசலிலும் நிலவறைச் சன்னலிலும் இறங்கியது. நிலவறையில் முழங்கால் அளவு. புதிதாக அடித்திருந்த ஜிப்சம் பலகை ஊறிக் கழன்றதும், அதன் பின்னால் பழைய சேற்றுக் கோடு தெரிந்தது.

எல்லாம் பார்க்கப் போன அன்றே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. பின்வாசல் நிலையின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு அலுமினியத் தடம் பதித்திருந்தது. திரைச்சீலைக்கோ சன்னல் மூடிக்கோ அல்ல, வெள்ளத்தடுப்புப் பலகையைச் செருக. நிலவறையில் அலமாரிக் கால்கள் செங்கல்மேல் நின்றன. மின்பிளக்குகள் மார்பு உயரத்தில். மூலையில் மிதியடி விரித்திருந்தது. அதன் கீழே சதுர இரும்பு மூடி, அதற்குள் தானாக இயங்கும் நீர் இறைக்கும் பம்பு. தோட்டக் கொட்டகையில் காலி மணல்மூட்டைச் சாக்குகள். வெளிச்சுவரில் மெர்கல் என்ற மஞ்சள் சுண்ணாம்புக்கல் இருக்கும் வரிசையில் ஒரு பழுப்புக் கோடு. இதில் எதையாவது ஒன்றைக் கண்டாலே, அடுத்த கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளையடிப்பு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மெர்கல் நுண்துளைக் கல். ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விடும். அதன்மேல் சாதாரண லாடெக்ஸ் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, வெள்ளை உப்பு பூத்து உதிரும். அந்தச் சில மாதம் விற்பனைக்குப் போதும். ஆகவே வீடு முழுக்கப் பழைய பெயிண்டாக இருக்க, நிலவறை மட்டும் பளிச்சென்று இருந்தால், பூசி மெழுகியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பலகைச்சுவர் நிலவறையில் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய நிலவறையில் கொஞ்சம் ஈரம் இருப்பது குற்றமே இல்லை. மறைப்பதுதான் குற்றம்.

தண்ணீர் எப்படி வருகிறது? இந்தப் பக்கத்து மேல்மண் லஸ், காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண். கனமழை அடித்தால் அதன் மேற்பரப்பு ஒட்டிப்போய் ஓடு கட்டிவிடும். அப்புறம் நீர் உள்ளே இறங்காது, மண்ணை அரித்துக்கொண்டு சரிவில் ஓடும். சோளம் விதைப்பது ஏப்ரல் கடைசி, மே மாதம். பயிர் மண்ணை மூடுவதற்குள் மே, ஜூன் இடிமழை வந்துவிடும். உருளைக்கிழங்குப் பாத்தி சரிவின் திசையிலேயே போட்டிருந்தால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு வாய்க்கால். இவையெல்லாம் வறண்ட பள்ளத்தாக்குகளில் சேர்ந்து, பள்ளப்பாதைகளில் புகுந்து கீழே இறங்கும். வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே ஒரு சொட்டு நீர் இருக்காது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

2021 ஜூலை 13, 14 தேதிகளில் தெற்கு லிம்பர்கின் சில இடங்களில் இரண்டே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. கேல் ஆறும் குல்ப் ஆறும் கரை புரண்டன. ஃபால்கன்பர்க் நகர மையம் பாழானது. அதிலிருந்து ஆற்றோர வீடுகளை எல்லோரும் விசாரிக்கிறார்கள். "ஆத்துல இருந்து இவ்வளவு தூரம், 2021லயே தண்ணி வரல" என்று மாக்கலார் சொன்னால் அது முழு உண்மையாகக்கூட இருக்கலாம். ஆற்று வெள்ளமும் சரிவுச் சேறும் வேறு வேறு. ஒன்று வராத வீட்டில் மற்றது வரும்.

வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். நாட்டின் நில உயர அளவைத் தரவு AHN என்ற பெயரில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. வீட்டிலிருந்து மேட்டின் உச்சி வரை ஒரு கோடு இழுத்தால் குறுக்குவெட்டு உயரம் வந்துவிடும். பிறகு வீட்டுக்கு இரு பக்கமும் கோடு இழுத்து, வீடு நிற்பது திட்டிலா பள்ளத்திலா என்று பாருங்கள். பள்ளத்தில் என்றால், அந்தப் பள்ளம் மேலே எத்தனை வயலின் நீரை வாங்குகிறது என்று எண்ணுங்கள். மேலே மழைநீர்த் தேக்கக் குட்டை வெட்டியிருக்கிறார்களா என்று லிம்பர்க் நீர்வாரியத்திடம் கேட்கலாம். குட்டை இருப்பது நல்லதுதான். ஆனால் அங்கே ஏன் வெட்டினார்கள் என்பதும் ஒரு தகவல். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கடைசியா எப்ப சேறு வந்துச்சு, எவ்வளவு உயரம்?" என்று கேளுங்கள். "வருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பல்தான் வரும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்து சிவில் சட்டத்தின் 5ஆம் புத்தகம், 38ஆம் பிரிவின்படி, மேட்டு நிலத்திலிருந்து இயற்கையாக வழிந்து வரும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மேலே இருப்பவர் ஓட்டத்தை மாற்றி உங்களுக்குத் தொல்லை கொடுத்தால் 39ஆம் பிரிவில் பேசலாம். ஆனால் இயற்கை ஓட்டம்தான் என்றால் விவசாயியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொரு கேடு மெதுவாக வரும். லஸ் மண் காய்ந்திருக்கும்வரை கெட்டி, நீர் ஊறினால் அமுங்கும். கூரை நீர்க்குழாய் மண்ணுக்குள் உடைந்திருந்தால், பழைய சுட்டமண் சாக்கடைக் குழாயின் இணைப்பு விலகியிருந்தால், அந்த மூலைக்குக் கீழே மண் கரைந்து போய் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறும். விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து விற்பார்கள். கீழே கசிவு அப்படியே இருக்கும். சில நூறு யூரோவில் சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம். சரிவு வீடுகளில் இதைச் சாதாரணப் பரிசோதனையோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். தாங்குசுவர் இருந்தால் அது யார் நிலத்தில் நிற்கிறது என்று கடாஸ்டர் என்ற நிலப் பதிவேட்டின் வரைபடத்தில் பாருங்கள். வயிறு தள்ளி நிற்கும் தாங்குசுவரைப் புதிதாகக் கட்டுவது நிலவறையைச் சரிசெய்யும் செலவையே மிஞ்சிவிடும்.

இனி காகிதம். மேலே சொன்ன விற்பனையில் ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் இருந்தன. ஒன்று அவுடர்டொம்ஸ்க்ளவ்சூலெ: வீடு பழையது, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, விற்பவர் தாம் அங்கே குடியிருக்கவில்லை, அதனால் குறைகள் தெரியாது என்பது. வாரிசுகள் விற்கும்போது இரண்டாவது சகஜம். விற்பவர் நிரப்பித் தரும் கேள்விப்பட்டியலில் ஈரம், வெள்ளம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் "தெரியாது" என்று குறித்திருந்தார்கள். அம்மா வீட்டில் பம்பு ஓடுவது பிள்ளைகளுக்குத் தெரியாதாம்! இப்படிப்பட்ட வாசகங்கள், தெரியாத குறைகளின் சுமையை உங்கள் தலைக்கு மாற்றுகின்றன. தெரிந்தே மறைத்தது நிரூபணமானால் விற்பவர் அவற்றின் பின்னால் ஒளிய முடியாது. நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: 2021 ஜூலையிலும் அதற்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள்ளோ தோட்டத்திலோ தண்ணீர், சேறு வந்ததா, காப்பீட்டிலோ அரசிடமோ இழப்பீடு கேட்டார்களா, பம்பு, தடுப்புப் பலகை எப்போது, ஏன் வைத்தார்கள். தொலைபேசியில் வரும் பதிலுக்கு மதிப்பில்லை. "இன்று நீங்கள் சொன்னது இது" என்று அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். பதிலே வரவில்லை என்றால் அதுவும் பதில்தான்.

காபி கொடுத்து அன்பாகப் பேசும் அந்த மாக்கலார் விற்பவரின் ஆள். அவருடைய கூலி விற்பவர் கொடுப்பது. அந்தப் பட்டத்துக்கும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஏதாவது ஒரு தொழில்சங்கத்தில் உறுப்பினரா என்று பார்ப்பது நல்லது. வாங்கும் தரப்புக்குத் தனி மாக்கலார் வைக்கச் சில ஆயிரம் யூரோ ஆகும். சரிவுப் பகுதியில் உள்ளூர்க்காரராகப் பார்த்து வையுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறவருக்கு அலுமினியத் தடம் எதற்கென்று தெரியாமல் போகலாம்.

போட்டியில் நிபந்தனை போடவே முடியாது என்ற நிலை வந்தாலும் ஒரு வழி இருக்கிறது. கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 3 நாள், காரணமே சொல்லாமல் விலகலாம். அந்த 3 நாளில் குறைந்தது 2 நாள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை அல்லாத நாளாக இருக்க வேண்டும். வியாழன் நகல் கிடைத்தால் திங்கள் நள்ளிரவு வரை நேரம். கட்டடப் பரிசோதகரை முன்கூட்டியே பேசிவைத்து இந்த இடைவெளிக்குள் கூட்டிப்போய்விடுங்கள். அறிக்கை முழுதாக வராவிட்டாலும் வாய்மொழியாகச் சொல்வார். மேலே சொன்ன குடும்பத்துக்கு இந்த நாட்கள் சும்மா கழிந்தன. அது தாண்டினால் பின்வாங்குவதற்கு வழக்கமான ஒப்பந்தத்தில் தண்டம் விலையில் 10 சதவீதம். 4 லட்சத்து 75 ஆயிரத்துக்கு 47,500 யூரோ.

காட்டோரம் மலிவாக விளம்பரம் வரும் மர வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல, விடுமுறை வீடு என்று திட்டத்தில் குறித்தவை. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி இருக்காது, வங்கிக் கடனும் கஷ்டம், 2 சதவீத வரியும் பொருந்தாது. "எல்லாரும் இருக்காங்க, நகராட்சி கண்டுக்கிறதில்ல" என்பதை நம்பி வாங்காதீர்கள். நகராட்சியின் சூழல் திட்டத்தில் அந்த முகவரிக்கு என்ன பயன்பாடு போட்டிருக்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் துடைக்காதீர்கள். சேற்றுக் கோடு, பலகைக்குப் பின்னால் இருக்கும் பழைய கறை, பம்பின்மேல் இருக்கும் தயாரிப்பு வருடம், எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். குறையைக் கண்ட சில வாரங்களுக்குள், கண்டிப்பாக 2 மாதத்துக்குள், விற்பவருக்குப் பதிவுத் தபாலில் புகார் எழுதுங்கள். தாமதமானால் உரிமையே போய்விடும் என்று சிவில் சட்டத்தின் 7ஆம் புத்தகம் 23ஆம் பிரிவு சொல்கிறது. சரிசெய்ய அவகாசம் கொடுக்காமல் நீங்களே இடித்துக் கட்டிவிட்டு பில் அனுப்பினால் வழக்கு பலவீனமாகும். அவசரமாகத் தண்ணீரை வெளியேற்றுவது மட்டும் வேறு. சுதந்திரமான நிபுணரின் அறிக்கை வாங்கும்போது, குறை எத்தனை காலப் பழையது என்பதற்கு ஒரு வரி தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். வீட்டுக் காப்பீடு நிலவறைச் சுவர் வழியாக மெல்ல ஊறும் நிலத்தடி நீருக்குப் பெரும்பாலும் பணம் தராது, இடிமழை நீருக்குத் தரலாம். ஆகவே தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதையும் படம் எடுத்துவிடுங்கள். சட்ட உதவிக் காப்பீடு பிரச்சினை வந்த பிறகு எடுத்தால் செல்லாது. அதை வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்பதையும் பாலிசியில் பாருங்கள்.