நாட்டுக் காய்கறி விதைத் தொகுப்பு: விதையில் குறையில்லை, சீட்டில்தான் குறை

ஆடிப்பட்டத்தில் மாடித் தோட்டத்தில் ஊன்றுவதற்காக, இணையவழியில் விற்கும் ஒருவரிடம் 12 வகை கொண்ட நாட்டுக் காய்கறி விதைத் தொகுப்பொன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். விதைகள் பூச்சித் துளையின்றித் திரண்டிருந்தன. முளைப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் பொட்டலங்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளில் பாதிக்கு மேல் உதிர்ந்து உறையின் அடியில் கிடந்தமையால், எந்தச் சீட்டு எதற்குரியது என்பதை விதையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

கொடிக்காய்களில் அது கடினமன்று. விளிம்பு வெட்டுண்டு, செதுக்கிய சிற்பம் போன்ற மேற்பரப்புடன் இருப்பது பாகல்; நீண்டு, ஒரு முனையில் இரு காதுகள் துருத்தி நிற்பது சுரை; தடித்து, ஓரம் அலையலையாக நெளிந்திருப்பது புடல். சிறு விதைகளுக்குத்தான் உருப்பெருக்கி தேவைப்பட்டது: தக்காளி விதையின் மேல் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும், கத்தரி விதையில் அது இராது.

வியப்பு என்னவென்றால், சீட்டு உதிராத பொட்டலம் ஒன்றிலேயே பிழை இருந்தது. அதில் பீர்க்கை என்று எழுதியிருந்தது. பீர்க்கை விதை கருத்து, சொரசொரப்பாக, குழிகளுடன் இருக்கும். உள்ளே இருந்தவையோ கருமையாக இருந்தாலும் வழவழப்பாகவும், சுற்றிலும் மெல்லிய இறகு போன்ற விளிம்புடனும் இருந்தன. முற்றினால் உடம்பு தேய்க்க நாராகும் நுரைப்பீர்க்கு என்று ஐயுற்றே ஊன்றினேன். பீர்க்கம்பூ மாலையில் மலரும். இந்தக் கொடியின் பூக்கள் விடியலில் மலர்ந்தபோதே ஐயம் தீர்ந்தது. பிறகு வந்த காயிலும் பீர்க்கங்காய்க்குரிய புடைத்த வரிகள் இல்லை.

விதையைக் கொண்டு இனத்தைச் சொல்லலாம். அதன் உள்வகையைப் பெரும்பாலும் சொல்ல இயலாது. இத்தொகுப்பில் வெள்ளைக் கத்தரியும் பச்சை வரிக் கத்தரியும் இருப்பதாக அட்டவணை கூறுகிறது, ஆனால் இரண்டு பொட்டலத்து விதைகளும் உருப்பெருக்கியிலும் ஒன்றுபோலவே தெரிந்தன. வாங்குபவரின் கண் உதவாத இந்த இடத்துக்குத்தான் சீட்டு தேவை. விதை எடுத்த மாதமும் எங்கும் குறிக்கப்படவில்லை. அரசு முகமை சோதித்துச் சான்றளித்த விதையோடு வரும் சீட்டில் பரிசோதனை நாளும் முளைப்புத் திறனும் இருக்கும். அந்த அளவுக்கு இல்லாவிடினும், பென்சிலால் ஒரு தேதி எழுதியிருக்கலாம்.

குறையை எழுதியனுப்பியதும் விற்பனையாளர் பணிவாகப் பதிலளித்து, புதிய சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிவைத்தார். எதை எந்தப் பொட்டலத்தில் ஒட்டுவது என்பதை மட்டும் அவர் குறிப்பிடவில்லை.