ஒரு லட்சம் ஓடிய பெட்ரோலா, இரண்டு லட்சம் ஓடிய டீசலா? ஏற்காட்டுப் பாதையில் சோதித்து வாங்குதல்

சேலத்தில் குறைந்த விலையில் பழைய கார் தேடுபவர்கள் பலர் இறுதியில் இரண்டு வண்டிகளுக்கிடையே தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். மற்றொன்று, இரண்டு லட்சத்தை நெருங்கிய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட். மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று கிடைக்கும் டீசல் ஸ்விஃப்ட் எதுவும் புதியதன்று. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், இவ்விரண்டையும் ஒரே கண்ணால் சோதிப்பது தவறு.

இரண்டுக்கும் பொதுவான முதல் நிபந்தனை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நாமே ஸ்டார்ட் செய்வது. நாம் போவதற்கு முன்பே உரிமையாளர் வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். பெட்ரோல் வண்டியில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். டீசலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது (ஐடிலில்) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று வேகமாகப் பொங்கி வருகிறதா? எஞ்சின் உட்பாகங்கள் தேய்ந்து அழுத்தம் கசிவதால் வரும், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று அழைக்கும் இந்தக் குறை கடுமையாக இருந்தால், வேறு எதையும் பார்க்காமல் அந்த வண்டியை விட்டுவிடலாம். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் லேசான எண்ணெய்ப் படலம் இயல்பானது. தேங்கி வழியும் அளவுக்கு இருந்தால் டர்போவின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் டர்போவும் கெட்டால், வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அவற்றுக்கே போய்விடும்.

ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் ஓட்டிப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கோரிமேடு வழியாக ஏற்காட்டு மலையின் அடிவாரம் சென்று, உரிமையாளரின் சம்மதத்துடன் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றி இறக்குவதே உண்மையான சோதனை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் உயரவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இழுவை மிகுந்த டீசலில் இது விரைவில் வெளிப்படும். அதே ஏற்றத்தில் டீசல் தொடர்ந்து கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர், இ.ஜி.ஆர். (புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு), டர்போ ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது முன்சக்கரத்தில் 'கட கட' என்ற ஓசை கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

இங்கே பெட்ரோலுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மேலே காற்று அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே சற்றுச் சோர்வாக இழுப்பது இயற்கை. அதைக் குறையாகக் கருதி நல்ல வண்டியைத் தள்ளிவிடக் கூடாது. டீசலின் டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துவிடும் என்பதால், மலையில் டீசல் சோர்ந்தால் அது கட்டாயம் ஆராய வேண்டிய அறிகுறி. இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவிட்டுத் திடீரென்று ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பின்னால் வரும் நண்பர் நீலப்புகையைப் பார்த்தால், பெட்ரோல் வண்டியின் வால்வு சீல் பற்றிய ஐயம் உறுதிப்படும். பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிர்கிறதா என்பதையும் இந்த இறக்கமே காட்டிவிடும்.

ஆவணங்களிலும் ஐயப்பட வேண்டிய இடங்கள் வேறுபடுகின்றன. டீசல், டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடிப் பின்னர் ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றப்பட்டதா என்பதை ஆர்.சி. விவரங்களில் பார்க்க வேண்டும். மீட்டர் குறைக்கப்பட்டதா என்பதற்குப் பழைய சர்வீஸ் பில்களே நல்ல சான்று. பெட்ரோலில், கேஸ் கிட் பொருத்திக் கழற்றிய துளைகள் டிக்கியின் தரையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடன் அடைந்து, ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. எனும் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருப்பது இரண்டுக்கும் பொது.

நகருக்குள் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் பெட்ரோலையே பரிந்துரைப்பேன். சிறிய குறைகள் இருந்தாலும் அவற்றைச் சரிசெய்யும் செலவு கைக்குள் அடங்கும். வாரந்தோறும் ஓமலூர், தருமபுரி என்று நெடுஞ்சாலையில் போய்வருபவர் டீசலை எடுக்கலாம். ஆனால் முழு சர்வீஸ் பதிவும், மலையேறிய பிறகும் அளவுக்கு மீறிச் சூடாகாத எஞ்சினும் இல்லாத டீசலுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.