அக்சஸில் ரெஃபரன்ஸை கோடு மூலம் சேர்ப்பது: நீண்ட நாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

எழுதிய கணினியில் ஒழுங்காக ஓடிய அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) செயலி, வேறு கணினியில் திறந்ததும் 'ப்ராஜெக்டையோ லைப்ரரியையோ காணவில்லை' என்று கம்பைல் பிழை காட்டும். கர்சர் போய் நிற்பதோ லெஃப்ட், டேட், ஃபார்மேட் மாதிரி அப்பாவி ஃபங்ஷன்களின் மேல். அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும். விபிஏ எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸை, அதாவது கோடு நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகளின் பட்டியலை, திறந்தால் அவுட்லுக் 16.0 லைப்ரரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். அந்தக் கணினியில் ஆஃபீஸ் 2010, அதாவது 14.0. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போனால் அக்சஸே மாற்றிக்கொள்ளும், திரும்பி இறங்காது.

பலரும் செய்வது இது: செயலி திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவில் ரன்கோட் வைத்து, ரெஃபரன்ஸ் உடைந்ததா என்று இஸ்புரோக்கனில் பார்த்து, ரிமூவ் செய்து, ஆட்ஃப்ரம்கைடு மூலம் மறுபடி சேர்ப்பது. ஓடும், ஆனால் முரண்டு பிடிக்கும். உடைந்த ரெஃபரன்ஸின் நேம், ஃபுல்பாத் கேட்டாலே பிழை வரலாம். கைடையும் (லைப்ரரியின் அடையாள எண்) மேஜரையும் (பதிப்பு எண்) மட்டும் படியுங்கள். சில சமயம் ரிமூவே நடக்காது. சரிபார்க்கும் கோடு தனி மாட்யூலில் இருக்கட்டும், அதில் லெஃப்ட் என்று எழுதாமல் விபிஏ.லெஃப்ட் என்று எழுதுங்கள். ஏற்கெனவே இருப்பதைச் சேர்த்தால் 32813 பிழை. ஏசிசிடிஇ (கோடைத் திருத்த முடியாதபடி கம்பைல் செய்த கோப்பு) ஆக்கிவிட்டால் இந்த வித்தை எதுவும் பலிக்காது, அதில் ரெஃபரன்ஸை மாற்றவே முடியாது.

ஆகவே எக்ஸெல், வேர்டு, அவுட்லுக்குக்கு லேட் பைண்டிங்தான் மேல், அதாவது ரெஃபரன்ஸ் இல்லாமல் ஓடும்போதே ஆப்ஜெக்டைப் பிடிப்பது. எழுதும்போது ரெஃபரன்ஸ் டிக் இருக்கட்டும், ஆட்டோ லிஸ்ட் கிடைக்கும். முடிந்ததும் டிக்கை எடுத்து, வேரியபிள்களை ஆஸ் ஆப்ஜெக்ட் ஆக்கி, கிரியேட்ஆப்ஜெக்ட்டுக்கு மாறி, டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். கான்ஸ்டன்ட்களை நீங்களே அறிவிக்க வேண்டும்: எக்ஸ்எல்அப் -4162, ஓஎல்மெயில்ஐட்டம் 0. ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இல்லாவிட்டால் அறிவிக்காத பெயர் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். மெயில் அதிர்ஷ்டவசமாகப் போய்விடும், எக்ஸெல் பக்கம் கடைசி வரிசையைத் தேடும் இடத்தில் உதைக்கும்.

கோப்பின் பாதையைக் கொடுத்து ரெஃபரன்ஸ் சேர்க்கும் ஆட்ஃப்ரம்ஃபைல், சொந்த லைப்ரரி கோப்புக்கு மட்டும் உருப்படியாக உதவுகிறது. அந்தக் கோப்பை ஃப்ரண்ட் எண்ட் (பயனர் திறக்கும் அக்சஸ் கோப்பு) இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிட்டால் ஆட்ஃப்ரம்ஃபைல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. 64 பிட் ஆஃபீஸில் உருவாக்கிய ஏசிசிடிஇ 32 பிட்டில் திறக்காது. அங்கே ரெஃபரன்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, இரண்டு பில்டு எடுத்தாக வேண்டும்.