ஐசியூவா, டயாலிசிஸா? இரண்டு முறை வேலையை விட்டுத் திரும்பியவளின் கணக்கு

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு திருச்சியில் பொது வார்டில் ஒன்றரை வருடமாக இருக்கிறாள். "அக்கா, ஐசியூல ஒரு இடம், டயாலிசிஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. எது வேணும்னு இன்சார்ஜ் கேக்குறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்." இரண்டிலும் வேலை பார்த்தவள் நான். ஐசியூவில் நாலு வருடம், டயாலிசிஸில் இடையில் ஒரு இடைவெளியோடு ஆறு வருடம். என் ஓட்டு டயாலிசிஸுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளிடம் சொன்ன பதில் அவ்வளவு நேரானது இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். ஐசியூவில் நைட் அதிகம், சாவு அதிகம், கற்பதும் அதிகம். டயாலிசிஸில் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். அவசர கேஸ் வந்தால் ராத்திரியிலும் கூப்பிடுவார்கள். சம்பளத்தில் ஒரே ஆஸ்பத்திரிக்குள் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

ஐசியூ கற்றுக்கொடுப்பதை வேறெங்கும் கற்க முடியாது. நான் சேர்ந்த புதிதில், விடியற்காலை மூன்று மணிக்கு, பிபியைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் சிரிஞ்ச் தீரப்போகிறது என்று பம்ப் கத்தியது. நான் அப்போதுதான் அடுத்த சிரிஞ்சுக்கு மருந்தை உடைத்தேன். மாற்றிப் பொருத்துவதற்குள் மானிட்டரில் பிபி சரசரவென இறங்கிவிட்டது. சீனியர் அக்கா திட்டவில்லை. இரண்டாவது பம்பை இழுத்து வைத்து, "முதல் சிரிஞ்ச் முடியறதுக்கு முன்னாடியே அடுத்தது இதுல ரெடியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் எந்த வேலையிலும் அடுத்ததை முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன் என்றால் அந்த ராத்திரிதான் காரணம். வென்டிலேட்டர், ஏபிஜி என்கிற ரத்த வாயுப் பரிசோதனை, மணிக்கொரு முறை யூரின் அளவு, இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டால் எந்த வார்டிலும் பயம் இருக்காது.

டயாலிசிஸின் அருமை அதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ஐசியூவில் பேஷண்டின் பெயர் மனதில் பதிவதற்குள் பெட் மாறிவிடும். இங்கே அதே ஆட்கள் வாரம் இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், வருடக்கணக்கில் வருவார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். இடது கையில் ஃபிஸ்துலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம். விரலை வைத்தால் பூனை உறுமுவது போல அதிரும், அதைத்தான் த்ரில் என்போம். முதலில் அந்த அதிர்வு, பிறகு ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம், அதன் பிறகுதான் ஊசி. ரத்தத்தை வெளியே எடுக்க ஒன்று, திருப்பி அனுப்ப ஒன்று. போன தடவை குத்திய இடத்திலேயே குத்தினால் ரத்தக்குழாய் புடைத்துக் கெட்டுவிடும், தள்ளித் தள்ளிக் குத்த வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனிக்கு வர எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

ஒரு திங்கட்கிழமை அவர் எடை நாலு கிலோ ஏறியிருந்தது. "என்னய்யா சாப்பிட்டீங்க?" என்றால், "ஒண்ணும் இல்ல பாப்பா, வெயிலு" என்கிறார். பக்கத்து பெட் அம்மா போட்டுக்கொடுத்துவிட்டார்: "தோப்புல இளநீ இறக்குனாங்க சிஸ்டர், இவரு விடுவாரா?" இளநீரில் தண்ணீரும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகம் போனவருக்கு இரண்டுமே ஆபத்து. டாக்டருக்குச் சொல்லி பொட்டாசியம் பார்க்கச் சொன்னேன். அந்த விவசாயியின் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்கிற அளவுக்குப் பழக்கம் இருந்ததால்தான் அன்று அது நடந்தது.

இனி நான் முடிவெடுத்த இடத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு நின்றால், திரும்பி வரும்போது எது நம்மைச் சேர்த்துக்கொள்ளும்? நம் ஊரில் நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களில் நடுவில் நிற்காதவர் குறைவு. சட்டப்படி பிரசவ விடுப்பு 26 வாரம். ஆறு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு நைட் டூட்டிக்குப் போவது என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. நான் இரண்டு குழந்தைக்கும் வேலையை விட்டவள். ஒன்று ஐசியூவிலிருந்து, ஒன்று டயாலிசிஸிலிருந்து. அதனால்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் முறை இரண்டே கால் வருடம் கழித்து ஐசியூவுக்குத் திரும்பினேன். பம்ப் புது மாடல். சார்ட் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வென்டிலேட்டரில் நான் பார்க்காத மோடுகள். மருந்துக் கணக்கு மறக்கவில்லை, ஆனால் கை ஒரு நொடி தயங்கியது, அங்கே அந்த ஒரு நொடியை எல்லோரும் பார்ப்பார்கள். நான் சக்‌ஷன் போட, அதாவது சளியை உறிஞ்சி எடுக்க, சொல்லிக்கொடுத்த பெண் ஷிஃப்ட் லீடர். அவளுக்குக் கீழே நான். அவள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பழைய அனுபவத்தைச் சம்பளத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் டயாலிசிஸ் கேட்டு மாறினேன்.

இரண்டாவது முறை ஒன்றரை வருட இடைவெளி. முதல் நாள் ஒரு ஊசி தவறியது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. மெஷின் கம்பெனி மாறியிருந்தாலும் வேலை அதேதான்: லைனை பிரைம் பண்ணு (குழாயில் சலைன் நிரப்பிக் காற்றை வெளியேற்று), எடையைப் பார்த்து எத்தனை லிட்டர் தண்ணீர் இழுப்பது என்று போடு, பிபி விழுந்தால் இழுப்பதை நிறுத்தி, காலைத் தூக்கி, சலைன் கொடு. இன்னொன்று, பேஷண்டுகளே என்னைக் கேட்டு வாங்கினார்கள். "பழைய சிஸ்டர் வந்துட்டாங்களா, எனக்கு அவங்களே குத்தட்டும்." ஐசியூவில் எனக்காக யாரும் இப்படிப் பேச முடியாது, பாதிப் பேர் மயக்கத்தில் இருப்பார்கள்.

ஊர் மாறினாலும் இதே கதைதான். 2016-17 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது, இங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு. சின்ன ஊர்களில்கூட நாலு மெஷின் போட்ட யூனிட்டைப் பார்க்க முடிகிறது. நல்ல ஐசியூவுக்கு இன்னும் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போவோம் என்று தெரியாத பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

டயாலிசிஸில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. டயாலிசிஸ் டெக்னாலஜி படித்து வரும் பிள்ளைகள் அதே ஊசியைப் போடுகிறார்கள், தனி சென்டர்கள் அவர்களைத்தான் முதலில் எடுக்கும். ஹெபடைடிஸ் பி, சி (ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்று) உள்ளவர்களுக்குத் தனி மெஷின் என்றாலும் நாள் முழுக்க ரத்தத்தோடுதான் வேலை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமல் உள்ளே காலெடுத்து வைக்காதே. நாலு வருடத்துக்குப் பிறகு சலிப்பும் தட்டும்.

அரசு வேலைக் கனவு இருந்தால் இன்னொரு சிக்கல். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வான நார்செட்டுக்கு பி.எஸ்சி. படித்தவர்களிடம் அனுபவம் கேட்பதில்லை. ஜிஎன்எம் என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் காட்ட வேண்டும். பத்து மெஷின் உள்ள தனி டயாலிசிஸ் சென்டரில் இருந்துவிட்டு அங்கே போய் நின்றால் செல்லாது. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

வெளிநாட்டைப் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதை இல்லை, பாஸ்போர்ட்டே எடுக்காதவள். கூடப் படித்தவர்கள் போன கதையை வைத்துப் பார்த்தால் ஐசியூ அனுபவத்துக்குத்தான் கேட்பவர் அதிகம். டயாலிசிஸ் நர்ஸாக வளைகுடா போன இரண்டு பேரைத் தெரியும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் என்னதான் பண்றது?" என்றாள். அவளுக்கு 23 வயது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கவில்லை. இரண்டு வருடம் ஐசியூ போ, அனுபவச் சான்றிதழில் எத்தனை படுக்கை என்று எழுதச் சொல்லி வாங்கு, நார்செட் எழுது, அதன் பிறகு டயாலிசிஸ் வா என்றேன். அதற்குள் எங்கள் யூனிட்டை ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்கிறாள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து எல்லோரும் எடை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வரும் நாள் அது.