பாரிஸில் எங்கே தங்குவது? ஹோட்டலுக்கு முன் ரயில் தடத்தைப் பாருங்கள்

பாரிஸுக்கு அறை தேடும்போது பெரும்பாலோர் முதலில் தேடுவது ‘ஈஃபிள் கோபுரத்துக்கு அருகில்’ என்பதைத்தான். அந்தக் கோபுரம் நகரத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. லூவர், நோத்ர் தாம், மொன்மார்த்ர், ரயில் நிலையங்கள் எல்லாம் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. கோபுரத்துக்குப் பகலில் ஒருமுறை, விளக்கு எரியும்போது ஒருமுறை போவோம். வீட்டு வாசல் மெட்ரோவிலோ தினமும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குவோம். அதனால் எந்தத் தடத்தின் மீது தங்குகிறோம் என்பதே பாரிஸில் முதல் கேள்வி. ஹோட்டலின் பெயர் அதற்குப் பிறகுதான்.

முகவரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நகரம் 20 வட்டாரங்களாக, லூவரில் தொடங்கி நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி வெளியே விரிகிறது. அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண்: 75005 என்றால் ஐந்தாவது, 75014 என்றால் பதினான்காவது. எண் 92, 93, 94 என்று தொடங்கினால் இடம் நகர எல்லைக்கு வெளியே. 95700 என்றால் சார்ல் து கோல் விமான நிலையத்தை ஒட்டிய ருவாஸி. 77 என்றால் டிஸ்னிலேண்ட் பக்கம். ஹோட்டல் பெயரில் ‘பாரிஸ்’ இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்லும் இடம் பதினான்காவது வட்டாரத்தின் தான்ஃபேர்-ரோஷ்ரோ. சார்ல் து கோலிலிருந்து வரும் ஆர்இஆர் பி (நகரையும் புறநகரையும் இணைக்கும் விரைவு ரயில்) நேராக இங்கே நிற்கிறது. பெட்டிகளோடு இடையில் மாற வேண்டாம், முக்கால் மணி நேரம் போதும். 4-ஆம் எண் மெட்ரோ சேன் மிஷேல், ஷாத்லே, கார் து நோர் எல்லாவற்றுக்கும் போகிறது. 6-ஆம் எண் பீர் ஹக்கேம் வழியாகப் போகிறது. கோபுரத்துக்கு அங்கே இறங்க வேண்டும். ஒரு நிலையம் தாண்டி உட்கார்ந்திருந்தால் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னலிலேயே கோபுரம் தெரியும். பக்கத்துத் தாகேர் தெருவில் பழக்கடை, ரொட்டிக்கடை, சீஸ் கடை எல்லாம் உண்டு. மாலையில் ஊர்க்காரர்கள் பை தூக்கி வரும் தெரு அது, சுற்றுலாவுக்காக அலங்கரித்தது அல்ல. குறை ஒன்று: இரவு பத்து மணிக்கு மேல் ஆரவாரம் தேடுகிறவர்களுக்கு இது சப்பென்றிருக்கும்.

குழந்தைகளோடு போகிறீர்கள், டிஸ்னிலேண்டும் திட்டத்தில் உண்டு என்றால் பன்னிரண்டாவது வட்டாரத்தில் கார் து லியோன் நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆர்இஆர் ஏ டிஸ்னி வாசலில் கொண்டுபோய் விடும், சுமார் நாற்பது நிமிடம். 1-ஆம் எண் தடம் லூவர், கொன்கோர்த், ஷான்ஸ் எலிசே வழியாகப் போகிறது. 14-ஆம் எண் தடம் 2024 ஜூன் முதல் ஓர்லி விமான நிலையம் வரை ஓடுகிறது. அதன் பெருமை வேகம் மட்டுமல்ல. பாரிஸ் மெட்ரோவின் பெரும்பகுதி நூறாண்டு பழையது. ஒரு நிலையத்தில் தடம் மாறவே ஐம்பது அறுபது படி ஏற நேரிடும், லிஃப்ட் இருக்காது. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கும் தடம் 14. முழங்கால் வலி உள்ள பெற்றோரையோ தள்ளுவண்டிக் குழந்தையையோ அழைத்துப் போகிறவர்கள் இதற்காகவே கூடுதலாக இருபது யூரோ கொடுக்கலாம். நகரப் பேருந்துகளும் தாழ்தளம்தான். மெட்ரோவைவிட மெதுவாகப் போனாலும் படி கிடையாது.

அடுத்து, நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் லாச்சப்பல். கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேல்முனை, காய் தெரு, பெர்தோனே தெரு என்று விரியும் ஈழத் தமிழர் கடைவீதி இது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, கொத்து ரொட்டி, இடியப்பம், நகைக்கடை, துணிக்கடை எல்லாம் கிடைக்கும். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியையொட்டி நடக்கும் தேர்த்திருவிழாவில் தெருவெங்கும் தேங்காய் உடைபடும். சைவச் சாப்பாடு கட்டாயம் என்பவர்கள் ஒருமுறையாவது போயே ஆக வேண்டிய இடம். ஆனால் தங்குவதற்கு? விடியற்காலை லண்டன் செல்லும் யூரோஸ்டார் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் ஓர் இரவு தங்கலாம். நான்கைந்து நாளுக்கு வேண்டாம். நிலையத்தைச் சுற்றிலும் உயர்மட்ட மெட்ரோவின் அடியிலும் பிக்பாக்கெட் தொல்லையும் இரவு நேரச் சச்சரவும் உண்டு. அறைகள் சிறியவை, சாலை இரைச்சல் ஓயாது. தான்ஃபேரிலிருந்து ஆர்இஆர் பி-யில் கார் து நோருக்குக் கால் மணிதான். அங்கே தூங்கி இங்கே வந்து சாப்பிடுங்கள். பத்தாவது வட்டாரம்தான் வேண்டும் என்றால் கார் து லெஸ்ட் நிலையத்துக்குக் கிழக்கே, சேன் மார்த்தேன் கால்வாய்ப் பக்கம் தேடுங்கள். ஐந்து நிமிட நடையில் ஊரே மாறிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்தாவது வட்டாரம் நடந்தே ஊர் பார்க்க அருமை, ஆனால் மூஃப்தார் தெருவின் மதுக்கடைகளுக்கு மேல் அறை எடுத்தால் தூக்கம் போகும். ஏழாவதில் கிளேர் தெருப் பக்கம் அமைதி, சுத்தம், விலை மூன்றும் அதிகம். மொன்மார்த்ர் அழகான மலை. பெட்டியை இழுத்து ஏறும் நாளில் அழகு தெரியாது. லா தெஃபான்ஸில் இருப்பவை அலுவலகக்காரர்களுக்கான ஹோட்டல்கள், அதனால் வார இறுதியிலும் ஆகஸ்டிலும் நல்ல அறை மலிவாகக் கிடைக்கும். 1-ஆம் எண் தடம் அங்கிருந்தே தொடங்குகிறது.

இனி அறை. பிரான்சில் நட்சத்திரம் கொடுப்பதற்கு அளவு விதி உண்டு. இருவர் அறை மூன்று நட்சத்திரத்தில் குளியலறையும் சேர்த்துக் குறைந்தது 13.5 சதுர மீட்டர், நான்கில் 16, ஐந்தில் 24. 13.5 என்பது நம் கணக்கில் சுமார் 145 சதுர அடி. இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க இடம் இருக்காது. ‘டபுள்’ என்றால் பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலக் கட்டில்தான். 160 வேண்டும் என்றோ தனித்தனிக் கட்டில் வேண்டும் என்றோ பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். குழந்தையை நடுவில் போட்டுக்கொள்கிறோம் என்பது இங்கே எடுபடாது. அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தாலும் அது தரையிலிருந்து தொடங்குகிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் ஆறேழு படி ஏறிய பிறகே லிஃப்ட் இருக்கும்; அதிலும் ஓர் ஆளும் ஒரு பெட்டியும்தான் நுழையும். கடைசி மாடி அறைகள் முன்பு வேலையாட்கள் தங்கியவை: சாய்ந்த கூரை, துத்தநாகத் தகட்டின் கீழ் கோடை வெக்கை. 2019 ஜூலை 25-இல் பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறீர்கள் என்றால் ஏசி இருப்பதைத் தனியாக உறுதி செய்யுங்கள், குளிர் ஊர்தானே என்று விட்டுவிடாதீர்கள். தெருப்பக்க அறையா உள்முற்றத்து அறையா என்று கேட்டால், தூக்கம் முக்கியம் என்பவர்கள் உள்முற்றம் என்றே சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு மேல் என்றால் சமையல் மேடையுடன் வரும் அபார்ட்-ஹோட்டல் லாபம். இரட்டை அடுப்பு, மைக்ரோவேவ், சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கும். குக்கரும் பெரிய பாத்திரமும் இருக்காது. கடுகு தாளிக்கும் முன் புகைபோக்கியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை அலாரம் எல்லா வீட்டிலும் கட்டாயம். தனியார் வீடு எடுப்பதானால் விளம்பரத்தில் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். சொந்தக் குடியிருப்பை ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் வாடகைக்கு விடக்கூடாது என்று 2025 முதல் பாரிஸ் இறுக்கியிருக்கிறது. பதிவெண் இல்லாத வீட்டில் கடைசி நேர ரத்து ஆபத்து அதிகம்.

முன்பதிவுத் தளம் காட்டும் விலையில் சுற்றுலா வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 2024-இல் அது ஏறத்தாழ மூன்று மடங்கானது: அந்த ஆண்டுக் கணக்கில் மூன்று நட்சத்திரத்துக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 5.20 யூரோ, நான்குக்கு 8.13. இருவர் ஐந்து இரவு என்றால் 52 யூரோ அல்லது 81.30 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழே வரி இல்லை.

ஷெங்கன் விசாவுக்கு எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால், விசா கையில் வரும்வரை இலவச ரத்து உள்ள பதிவையே வைத்திருங்கள். பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் போய் முழுப்பணத்தையும் பணயம் வைக்க வேண்டாம். உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஹோட்டல் சீட்டு வேண்டாம், ஆனால் அந்த உறவினர் தம் ஊர் நகராட்சியில் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேதியையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். மெட்ரோ, ரயில், பேருந்துக்கான நவிகோ வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்கில்லை. 2025-இல் அதன் விலை 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ, ஒரு புகைப்படமும் வேண்டும். சார்ல் து கோலுக்கான ஆர்இஆர் பி, ஓர்லிக்கான 14-ஆம் எண் தடம் இரண்டும் இதில் அடக்கம். தனியாக வாங்கினால் விமான நிலையச் சீட்டு மட்டும் அந்த ஆண்டில் ஒரு வழிக்கு 13 யூரோவாக இருந்தது. திங்கள் அல்லது செவ்வாய் இறங்கி ஞாயிறு கிளம்பினால் சீட்டு முழுதாகப் பயன்படும். வெள்ளி இறங்கினால் தனித்தனிச் சீட்டே மேல்.